படுக்கையிலேயே தொடங்கும் நடை
தீவிர சிகிச்சைப் பிரிவில் தசை வலிமையைக் காத்தல்: நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு பாடம்



தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் உறவினர்கள் எங்களிடம் மனவருத்தத்துடன் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “உடம்பெல்லாம் குழாயாகப் படுத்திருப்பவரை ஏன் எழுப்பி உட்கார வைக்கிறீர்கள்? முதலில் நன்றாகத் தேறட்டும், பிறகு நடக்கட்டுமே.” இக்கேள்வி அன்பிலிருந்து எழுவது. நோயுற்றவருக்குப் படுக்கையே மருந்து என்று தலைமுறை தலைமுறையாக நாம் நம்பி வந்திருக்கிறோம்.

ஆயினும், உயிர்காக்கும் சிகிச்சை பெற்று மீண்ட ஒருவர், வீடு திரும்பிய பின் சோற்றுக் கவளத்தை வாய்வரை கொண்டுசெல்ல இயலாமல் கை நடுங்குவதையும், கழிவறையில் குந்தியவர் எழ முடியாமல் தவிப்பதையும் கண்ட குடும்பத்தார் வேறொரு கேள்வியைக் கேட்கின்றனர்: “நோய் குணமாகிவிட்டதே, பலம் மட்டும் ஏன் திரும்பவில்லை?” இவ்விரு கேள்விகளுக்கும் விடை ஒன்றே. அதனை இப்பாடத்தில் விளக்க முற்படுகிறோம்.

தசை எவ்வாறு இளைக்கிறது?

தசை என்பது ஒருமுறை கட்டி முடித்த சுவர் அன்று. நாள்தோறும் அதன் புரதம் ஒருபுறம் சிதைகிறது; மறுபுறம் புதிதாகக் கட்டப்படுகிறது. இரண்டும் சமமாக நிகழும்வரை தசையின் அளவு மாறுவதில்லை.

நெய்வேலியை அறிந்த வாசகர்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். அங்கே பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் நிலத்தடி நீர் பேரழுத்தத்துடன் மேல்நோக்கி உந்திக்கொண்டிருக்கிறது. பெரும் பம்புகள் அந்நீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டிருப்பதனால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கிறது. பம்புகள் நின்றால் நீர் நிற்பதில்லை. தசையின் சிதைவும் அத்தகையதே. அசைவு, உணவு என்னும் இரு பம்புகள் ஓடும்வரை அது நமக்குத் தெரிவதில்லை. கடும் நோயில் அவ்விரண்டும் ஒரே நேரத்தில் தளர்ந்துவிடுகின்றன. அத்துடன், இரத்தத்தில் பரவிய நோய்த்தொற்றும் உடலெங்கும் எழும் அழற்சியும் சிதைவின் வேகத்தைப் பன்மடங்காக்குகின்றன.

அந்த வேகம் எவ்வளவு? 2013ஆம் ஆண்டில் வெளியான இலண்டன் ஆய்வு ஒன்றில், தீவிர சிகிச்சையில் இருந்த 63 நோயாளிகளின் முன்தொடைத் தசையை ஸ்கேன் கருவியால் அளந்து பார்த்தனர். பத்தே நாட்களில் அத்தசையின் குறுக்குப் பரப்பு சராசரியாக 17.7 விழுக்காடு குறைந்திருந்தது. பல உறுப்புகள் ஒருங்கே செயலிழந்தவர்களுக்கு இழப்பு இன்னும் மிகுதியாக இருந்தது. பல்லாண்டு உழைப்பில் திரண்ட தொடைவலுவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு, இரண்டு வாரம் முடிவதற்குள் கரைந்துவிடுகிறது.

தசை மட்டுமன்றி, அதற்கு ஆணையிடும் நரம்பும் பாதிக்கப்படலாம். கனடா நாட்டு நரம்பியல் மருத்துவர் சார்லஸ் போல்டனும் அவருடைய குழுவினரும் 1984இல் இதனை முதன்முதலில் தெளிவாக விவரித்தனர். இரத்தத்தில் உயர்ந்த சர்க்கரையும், உயிர்காக்கத் தவிர்க்க இயலாமல் தரப்படும் சில மருந்துகளும் இப்பலவீனத்துக்குத் துணைபோகின்றன.

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையே உள்ள உதரவிதானமும் ஒரு தசையே. வென்டிலேட்டர் நோயாளிக்காகச் சுவாசிக்கும்போது அத்தசைக்கு வேலையில்லை; ஆதலால் அதுவும் இளைக்கிறது. நுரையீரல் தேறிய பின்னும் சிலரை வென்டிலேட்டரிலிருந்து எளிதில் விடுவிக்க இயலாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணமாகும்.

பலவீனத்தை நாங்கள் அளக்கும் முறை

“பலம் இல்லை” என்பதைக் கண்ணால் பார்த்து மதிப்பிடுவது போதாது. நோயாளி விழித்திருந்து, நாம் சொல்வதைப் புரிந்துகொள்ளும் நிலைக்கு வந்ததும், எளிய சோதனை ஒன்றைச் செய்கிறோம். தோளை உயர்த்துதல், முழங்கையை மடக்குதல், மணிக்கட்டை மேல்நோக்கி வளைத்தல், தொடையைத் தூக்குதல், முழங்காலை நீட்டுதல், பாதத்தை மேல்நோக்கி இழுத்தல் ஆகிய ஆறு அசைவுகளையும் இரு பக்கங்களிலும் செய்யச் சொல்கிறோம்.

ஒவ்வோர் அசைவுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. அறவே அசைவில்லையெனில் 0. தசை துடித்தும் உறுப்பு அசையாவிடில் 1. படுக்கையின் மீது நகர்த்த மட்டும் முடிந்தால் 2. புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்க முடிந்தால் 3. நாங்கள் கையால் அழுத்தும்போதும் ஓரளவு தாங்கினால் 4. இயல்பான வலிமைக்கு 5. மொத்தம் 60. இது 48க்குக் கீழே இருப்பின், தீவிர சிகிச்சையினூடே ஏற்பட்ட தசைப் பலவீனம் என்று கொள்கிறோம். பிரான்சு நாட்டில் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், ஏழு நாட்களோ அதற்கு மேலோ வென்டிலேட்டரில் இருந்து விழித்தெழுந்தவர்களுள் நால்வரில் ஒருவருக்கு இப்பலவீனம் காணப்பட்டது.

“அப்பாவுக்கு இன்று எத்தனை மதிப்பெண்?” என்று நீங்கள் தயங்காது கேட்கலாம். அவ்வெண் ஏறுவதைக் காண்பது நோயாளிக்கும் ஊக்கம் தரும்.

படுக்கை ஓய்வைப் பற்றிய எண்ணம் மாறிய கதை

1952இல் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பெருமளவில் பரவியது. சுவாசத் தசைகள் செயலிழந்த நோயாளிகளின் தொண்டையில் துளையிட்டு, இரப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தும் முறையை மருத்துவர் பியோர்ன் இப்சன் அங்கே கையாண்டார். மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும் அப்பைகளை அழுத்தி உயிர்களைக் காத்தனர். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு அந்த அனுபவத்திலிருந்தே பிறந்தது.

அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1947இல், பிரிட்டிஷ் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர் படுக்கை ஓய்வின் தீங்குகளைப் பற்றி எச்சரித்து எழுதியிருந்தார். ஆயினும் பின்வந்த பல பத்தாண்டுகளில், வென்டிலேட்டரில் இருப்பவரை ஆழ்ந்த மயக்கத்தில் அசையாமல் வைத்திருப்பதே வழக்கமாக இருந்தது.

நம் தமிழகத்துக்கு வேறொரு பெருமை உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்வையும் அசைவையும் இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளிகளின் கைகளில் அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவருடைய முயற்சியால் 1966இல் வேலூரில் மறுவாழ்வு மையம் தொடங்கப்பட்டது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. உயிர் பிழைத்தல் சிகிச்சையின் பாதி. மீண்டும் வாழ்தல் அதன் மறுபாதி என்பதை அவர் தம் வாழ்வினாலேயே காட்டினார். அந்த மறுபாதியைத் தீவிர சிகிச்சைப் படுக்கையிலேயே தொடங்கிவிட வேண்டும் என்பதே இன்றைய மருத்துவத்தின் கருத்து.

ஆய்வுகள் கூறுவன

2007இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, வென்டிலேட்டர் தேவைப்பட்ட 103 நோயாளிகளை உட்காரவும், நாற்காலியில் அமரவும், நடக்கவும் செய்த 1,449 நிகழ்வுகளைப் பதிவு செய்தது. அவற்றுள் பாதகமானவை நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. 2009இல் வெளியான மற்றோர் ஆய்வில் 104 நோயாளிகளை இரு குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவினருக்கு மயக்க மருந்தை நாள்தோறும் சிறிது நேரம் நிறுத்தி, தொடக்கத்திலேயே பயிற்சி அளித்தனர். அவர்களுள் 59 விழுக்காட்டினர் மருத்துவமனையை விட்டுச் செல்லும்போது குளித்தல், உடுத்தல், நடத்தல் முதலியவற்றைத் தாமே செய்துகொள்ளும் நிலையை அடைந்தனர். மற்றக் குழுவில் 35 விழுக்காட்டினரே அந்நிலையை அடைந்தனர். மனக்குழப்பம் நீடித்த நாட்களும் பயிற்சி பெற்றவர்களிடம் குறைந்தன.

இதன் மறுபக்கத்தையும் சொல்வது எங்கள் கடமை. 2022இல், ஆறு நாடுகளைச் சேர்ந்த 750 நோயாளிகளிடம் நடத்திய பெரிய ஆய்வு ஒன்று வெளியாயிற்று. வழக்கமான அளவு பயிற்சி பெற்றவர்களையும், அதனினும் கடுமையாகவும் நீண்ட நேரமும் பயிற்சி பெற்றவர்களையும் அது ஒப்பிட்டது. கடும் பயிற்சியால் கூடுதல் நன்மை விளையவில்லை. மாறாக, இதயத்துடிப்பு மாறுதல், இரத்த ஆக்சிஜன் குறைதல் போன்ற பாதகங்கள் 4.1 விழுக்காட்டிலிருந்து 9.2 விழுக்காடாக உயர்ந்தன. பயிற்சியே வேண்டா என்பது இதன் பொருள் அன்று. ஒப்பிடப்பட்ட இரு குழுவினரும் பயிற்சி பெற்றவர்களே. மருந்தைப் போலவே பயிற்சிக்கும் அளவு உண்டு என்பதே பொருள். ஆகவே, “இன்னும் கொஞ்சம் நடக்க வையுங்கள்” என்று நீங்கள் கேட்கும்போது நாங்கள் சில நாட்களில் மறுப்பதற்கும் காரணம் உண்டு.

ஐந்து படிகள்

நோயாளியின் நிலைக்கேற்ப ஒவ்வொரு படியாக ஏறுகிறோம். ஒரு படியில் உடல் நிலையாக இருந்தால் மட்டுமே அடுத்த படி.

முதல் படி: நோயாளி மயக்கத்தில் இருக்கும்போது அவருடைய மூட்டுகளை நாங்களே மெதுவாக மடக்கி நீட்டுகிறோம், மூட்டு இறுகாமல் காக்கிறோம், பக்கம் மாற்றிப் படுக்க வைத்துப் படுக்கைப் புண்ணைத் தடுக்கிறோம்.

இரண்டாம் படி: விழித்தவுடன், பாதத்தை மேலும் கீழும் அசைத்தல், விரல்களை மூடித் திறத்தல், முழங்காலை மடக்குதல் ஆகியவற்றை அவரையே செய்யச் சொல்கிறோம். முடியாத இடத்தில் எங்கள் கை துணைநிற்கும்.

மூன்றாம் படி: கட்டிலின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு அமர்தல். கழுத்தும் முதுகும் தம் வேலையை நினைவுகூரும் தருணம் இது. முதல் நாளில் சில நிமிடங்களே போதும்.

நான்காம் படி: இருவர் தாங்க எழுந்து நிற்றல், நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றித் தூக்குதல், நாற்காலிக்கு மாறுதல்.

ஐந்தாம் படி: வாக்கர் துணையுடன் நடத்தல். தேவையானால் சுவாசக் கருவியும் உடன் நகரும். ஒரு செவிலியர் குழாய்களையும் திரையையும் கவனிப்பார். இயன்முறை மருத்துவர் நோயாளியைத் தாங்குவார். நாற்காலியுடன் ஒருவர் பின்தொடர்வார்.

பச்சை, மஞ்சள், சிவப்பு

பயிற்சியின் பாதுகாப்பைப் போக்குவரத்து விளக்கின் நிறங்களால் குறிக்கும் முறையை 2014இல் வல்லுநர் குழுவொன்று வகுத்தளித்தது. பச்சை என்றால் தொடரலாம். மஞ்சள் என்றால் நன்மையையும் தீமையையும் எடைபோட்டு, மூத்த மருத்துவரைக் கலந்தே தொடங்க வேண்டும். சிவப்பு என்றால் அன்று அப்பயிற்சி வேண்டா.

கட்டுப்படாத இரத்தக்கசிவு, நிலைப்படுத்தப்படாத முதுகெலும்பு முறிவு, தலைக்குள் அழுத்தம் உயர்ந்த நிலை, இரத்த அழுத்தத்தைத் தாங்கும் மருந்தின் அளவை மேன்மேலும் கூட்டிவரும் நேரம் ஆகியவற்றில் நோயாளியைக் கட்டிலைவிட்டு எழுப்புவதில்லை. பயிற்சியின் நடுவே ஆக்சிஜன் அளவு 90 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்கினாலோ, முகம் வெளிறி வியர்த்தாலோ, நெஞ்சுவலி, தலைசுற்றல் தோன்றினாலோ உடனே நிறுத்திவிடுகிறோம்.

நம் வட்டாரத்துக்குரிய ஓர் எச்சரிக்கை

முத்தாண்டிக்குப்பத்தைச் சூழ்ந்த முந்திரித் தோப்புகளிலும் வயல்களிலும் பூச்சிமருந்தின் புழக்கம் உண்டு. அந்நச்சால் தீவிர சிகிச்சைக்கு வருவோரிடம் வேறுவகைப் பலவீனம் ஒன்று தோன்றலாம். இலங்கையின் மருத்துவர்கள் சேனாநாயக்க, கரல்லியத்த ஆகிய இருவரும் 1987இல் பத்து நோயாளிகளைக் கொண்டு இதனை விவரித்தனர். நஞ்சின் முதல் அறிகுறிகள் தணிந்து, நோயாளி தேறிவிட்டதுபோல் தோன்றும் 1 முதல் 4 நாட்களுக்குள், கழுத்தும் தோளும் தொடையும் சுவாசத் தசைகளும் திடீரெனத் தளரும்.

ஆதலால், பூச்சிமருந்து நச்சுக்குச் சிகிச்சை பெறுபவர் கண் விழித்துப் பேசுகிறார் என்பதற்காக வீட்டுக்கு அழைத்துச் செல்ல அவசரப்படாதீர்கள். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை என்று அவர் சொன்னால், அதே கணத்தில் செவிலியரிடம் தெரிவியுங்கள். அது பயிற்சிக்குரிய பலவீனம் அன்று. சுவாசத்துக்கு வரவிருக்கும் ஆபத்தின் முன்னறிவிப்பு.

குடும்பத்தார் செய்யத்தக்கவை

பார்வை நேரம் சிறிதெனினும் அதன் பயன் பெரிது. உள்ளே வருமுன் கைகளைக் கழுவுங்கள். நோயாளியை வழக்கமாக அழைக்கும் முறையிலேயே அழைத்து, இன்று என்ன கிழமை, இது எந்த இடம், வீட்டில் யார் யார் நலம் என்பவற்றைச் சொல்லுங்கள். மூக்குக் கண்ணாடியும் காதுக்கருவியும் வீட்டில் இருப்பின் கொண்டுவாருங்கள். காணவும் கேட்கவும் இயலாதவரின் மனம் எளிதில் குழம்பும்; குழம்பிய மனத்தால் பயிற்சியில் ஈடுபட இயலாது.

எங்கள் குழுவினர் காட்டிக்கொடுத்த பின், பாதம் அசைத்தல், கையை இறுகப் பற்றுதல் போன்ற எளிய பயிற்சிகளை நீங்களே செய்விக்கலாம். “அப்பா, என் கையை இறுக்கிப் பிடிங்க” என்று மகள் சொல்லும்போது பிறக்கும் முயற்சி, நாங்கள் பத்து முறை சொன்னாலும் பிறப்பதில்லை. ஆனால் எங்களைக் கேளாமல் நோயாளியைத் தூக்கி உட்கார வைப்பதோ, குழாய்களை நகர்த்துவதோ, வீங்கிய காலை அழுத்திப் பிடித்துவிடுவதோ கூடாது. காலின் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்திருப்பின், பிடித்துவிடும்போது உறைகட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும்.

உணவைக் குறித்தும் ஒரு சொல். கஞ்சியும் இளநீரும் மட்டுமே பத்தியம் என்று பலர் எண்ணுகின்றனர். தசையைக் கட்ட வேண்டியது புரதம். தீவிர நோயிலிருந்து தேறுபவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.3 கிராம் அளவில் புரதம் தேவை என்று ஐரோப்பிய ஊட்டச்சத்து வழிகாட்டுதல் கூறுகிறது. 50 கிலோ எடையுள்ளவருக்கு இது 65 கிராம். ஒரு முட்டையில் இருப்பது ஏறத்தாழ 6 கிராம் மட்டுமே. ஆகவே முட்டை, மீன், பால், தயிர், பருப்பு, சுண்டல், வேர்க்கடலை ஆகியவை நாள் முழுவதும் பகிர்ந்து இடம்பெற வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே அளவை முடிவு செய்தல் வேண்டும். தொண்டைக் குழாய் எடுத்த பின் விழுங்கும் திறனைச் சோதிக்கும்வரை, ஒரு வாய்த் தண்ணீரும் நீங்களாகக் கொடுக்க வேண்டா. அது நுரையீரலுக்குள் இறங்கக்கூடும்.

வீடு திரும்பிய பின்

மீட்சி மாதக்கணக்கில் நிகழ்வது. கடும் நுரையீரல் பாதிப்பிலிருந்து பிழைத்த 109 பேரைக் கனடா மருத்துவர்கள் ஓராண்டு தொடர்ந்து கவனித்து 2003இல் வெளியிட்டனர். ஓராண்டு முடிவிலும் அவர்கள் ஆறு நிமிடத்தில் நடந்த தொலைவு, அவர்களுடைய வயதினர் நடக்க வேண்டியதில் மூன்றில் இரண்டு பங்காகவே இருந்தது. ஆகவே, “இன்னும் சோம்பலாகப் படுத்திருக்கிறாரே” என்று கடிந்துகொள்ளாதீர்கள். மறதி, தூக்கமின்மை, கெட்ட கனவு, மனச்சோர்வு ஆகியவையும் இந்நோயின் தொடர்ச்சியே. அவற்றுக்கும் சிகிச்சை உண்டு.

கைப்பிடியுள்ள உறுதியான நாற்காலியில் அமர்ந்து எழுதலை, முடிந்த எண்ணிக்கையில் காலையும் மாலையும் செய்விக்கலாம். சுவரையோ திண்ணைத் தூணையோ பிடித்துக் குதிகாலை உயர்த்தலாம். முற்றத்தில் தொடங்கித் தெருமுனைவரை நடையை நாளுக்கு நாள் நீட்டலாம். நடக்கும்போது பேச இயல வேண்டும். மூச்சிரைத்துப் பேச்சு நின்றால் வேகம் அதிகம் என்று அறிக. குந்தி எழும் வலு திரும்பும்வரை கழிவறையில் கமோடு நாற்காலி வைத்தல் நலம். சுரங்கத்திலோ அனல்மின் நிலையத்திலோ முறைப்பணி பார்ப்பவர்களும், தோப்பு வேலை செய்பவர்களும், பணிக்குத் திரும்பும் நாளை மருத்துவரோடு பேசியே முடிவு செய்க.

மருத்துவமனைக்கு அடிக்கடி வர இயலாதவர்களுக்குத் தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் கீழ் இல்லத்திலேயே இயன்முறை சிகிச்சை பெற வாய்ப்பு உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒரு கால் மட்டும் வீங்குதல், மயக்கம் ஆகியவை தோன்றினால் காலம் தாழ்த்தாது 108ஐ அழையுங்கள்.

எங்களிடம் கேளுங்கள்

அடுத்த முறை வரும்போது இந்த நான்கு கேள்விகளைக் கேட்குமாறு வேண்டுகிறோம். இன்று அவர் எந்தப் படியில் இருக்கிறார்? மயக்க மருந்தைக் குறைக்க இயலுமா? இன்று பயிற்சி செய்விக்கத் தடை ஏதேனும் உண்டா? நாங்கள் எதைச் செய்யலாம்?

வாசலில் எழுந்த முதல் கேள்விக்கு இப்போது விடை கூறிவிடலாம். தேறிய பின் நடக்கட்டும் என்று காத்திருந்தால், நடப்பதற்கு வேண்டிய தசை அக்காத்திருப்பிலேயே கரைந்துவிடும். குழாய்களோடு அவரை எழுப்பி அமர வைப்பது இரக்கமின்மையால் அன்று. அவர் தம் வீட்டுப் படியைத் தாமே ஏற வேண்டும் என்பதற்காக, முதற்படியை இங்கேயே ஏற்றிவிடுகிறோம். அவ்வேளையில் நீங்கள் அருகிருந்து கைகொடுப்பீர்களாயின், எங்கள் பணி எளிதாகும். அவர் பயணமும் குறுகும்.